பதினாறாம் நாள் வந்த தடிப்பு: பக்கவிளைவா, கவனக்குறைவா?

வாசகியின் கடிதம் (சுருக்கம்):

"இது நடந்தபோது என் மகளுக்கு நான்கு வயது. எடை 14 கிலோ. இரண்டு வயதிலிருந்து ஃபிட்ஸ் வருகிறது. வால்ப்ரோயேட் சிரப் கொடுத்து வந்தோம். அதில் முழுதாகக் கட்டுப்படாததால், தனியார் மருத்துவமனை டாக்டர் லாமோட்ரிஜின் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். 25 மில்லிகிராம் மாத்திரை, காலையில் அரை, இரவில் அரை. ஒரு வாரம் கழித்துக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பதினாறாம் நாள் காய்ச்சல் வந்தது, கண் சிவந்தது, மார்பில் தடிப்பு வந்தது. அன்றே அதே டாக்டரிடம் ஓடினோம். 'வைரல் காய்ச்சல்தான், ஃபிட்ஸ் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்' என்று அலர்ஜி மருந்து எழுதினார். மூன்றாம் நாள் உதடும் வாயும் புண்ணாகித் தோல் உரிய ஆரம்பித்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 19 நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள். ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் (தோலும் வாயும் கண்ணும் புண்ணாகி உரியும் கடுமையான நோய்) என்றார்கள். இப்போது 14 மாதம் ஆகிறது. குழந்தையால் வெயிலில் கண் திறக்க முடியவில்லை. இமையின் உட்புறம் விழியோடு ஒட்டுகிறது என்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் கேட்டால் 'இது மருந்தின் பக்கவிளைவு, யாரும் பொறுப்பில்லை' என்கிறார்கள். இப்போது 2 லட்ச ரூபாய் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றும் கேட்கிறார்கள். வழக்குப் போட முடியுமா? என் கையால்தானே அந்த மாத்திரையைக் கொடுத்தேன், என் மேல் தப்பு வருமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் தப்பு வராது. டாக்டர் எழுதிய அளவைத்தான் கொடுத்தீர்கள். தடிப்பு வந்த அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள், நிறுத்தாதே என்று சொன்னதைக் கேட்டீர்கள். இந்த மூன்றுமே உங்கள் வழக்குக்குப் பலம். நாளை எதிர்தரப்பு வக்கீல் 'தாய் தாமதமாக வந்தார்' என்று வாதாடினால், அதைப் பதினாறாம் நாள் எழுதிய அந்த இரண்டாவது ஓ.பி. (வெளிநோயாளி) சீட்டில் உள்ள தேதியே முறித்துப்போடும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இனி பக்கவிளைவு விஷயம். மருத்துவமனை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை நாம் ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சில குழந்தைகளுக்குச் சில மருந்துகள் ஒத்துக்கொள்வதில்லை. லாமோட்ரிஜினைச் சரியான அளவில் கொடுத்தும் ஆயிரம் குழந்தைகளில் சிலருக்குக் கடுமையான தோல் பாதிப்பு வந்திருக்கிறது. பக்கவிளைவு வந்துவிட்டது என்பதற்காக மட்டும் எந்த நீதிமன்றமும் டாக்டரைக் குற்றம் சொல்லாது. அதே துறையில் சராசரித் திறனும் அக்கறையும் உள்ள ஒரு மருத்துவர் அந்த இடத்தில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான் அளவுகோல். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே 'ஏன் பக்கவிளைவு வந்தது?' என்று கேட்டுக்கொண்டிருந்தால் வழக்கு நகராது. இந்த மருந்தை இந்தக் குழந்தைக்குக் கொடுக்கலாமா, என்ன அளவில் ஆரம்பித்தார்கள், எதைக் கவனிக்கச் சொன்னார்கள், அறிகுறி தெரிந்த அன்று என்ன செய்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும். உங்கள் வழக்கில் முதல் கேள்வியில் டாக்டர் ஜெயிப்பார். வால்ப்ரோயேட்டோடு லாமோட்ரிஜின் சேர்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சைதான். அதைத் தவறு என்று மனுவில் எழுதவே எழுதாதீர்கள். மற்ற மூன்றில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது.

அளவுக் கணக்கைப் பார்ப்போம். லாமோட்ரிஜின் உடலிலிருந்து கல்லீரல் வழியாக வெளியேறுகிறது. வால்ப்ரோயேட் அந்த வழியை அடைப்பதால் லாமோட்ரிஜின் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் இரத்தத்தில் தங்குகிறது. இதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, ஆமை வேகத்தில் ஏற்ற வேண்டும் என்று மருந்தின் தகவல் தாளிலேயே போட்டிருக்கிறார்கள். 2 முதல் 12 வயதுக் குழந்தை வால்ப்ரோயேட் எடுத்துக்கொண்டிருந்தால் முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.15 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 0.3 மி.கி., அதன் பிறகு வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ கிலோவுக்கு 0.3 மி.கி. வீதம் மட்டும் கூட்டலாம்.

உங்கள் மகள் 14 கிலோ. 14-ஐ 0.15-ஆல் பெருக்கினால் 2.1. அதாவது முதல் இரண்டு வாரமும் நாள் முழுவதற்கும் 2 மில்லிகிராம். குழந்தைக்குப் போனது முதல் வாரத்தில் நாளுக்கு 25 மி.கி., இரண்டாம் வாரத்திலிருந்து 50 மி.கி. முதல் நாளிலேயே கிட்டத்தட்ட 12 மடங்கு. எட்டாம் நாளிலிருந்து 24 மடங்கு. இன்னொரு விதமாகவும் பாருங்கள். நாளுக்கு 50 மி.கி. என்பது கிலோவுக்கு 3.6 மி.கி. ஆகிறது. முறைப்படி வாரம் தவறாமல் ஏற்றினாலும் அந்த அளவைத் தொடப் பதினைந்தாவது வாரம் ஆகியிருக்கும். இங்கே எட்டாவது நாளில் தொட்டுவிட்டார்கள். இந்தக் கணக்கை ஒரு தனித் தாளில் அட்டவணையாகப் போட்டு மனுவோடு இணைக்கச் சொல்லுங்கள். நான்கு பக்க வாதத்தைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசும்.

இதே மருந்தின் தகவல் தாளில் பெட்டி கட்டி ஓர் எச்சரிக்கை உண்டு. கடுமையான தடிப்பு வரும் அபாயத்தைக் கூட்டும் மூன்று காரணங்களை அது சொல்கிறது: வால்ப்ரோயேட்டோடு சேர்த்துக் கொடுப்பது, ஆரம்ப அளவை மீறுவது, வேகமாக அளவை ஏற்றுவது. உங்கள் குழந்தைக்கு மூன்றும் நடந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தடிப்பு வரும் என்றும், தடிப்பின் முதல் அறிகுறியிலேயே, அது மருந்தால் வந்ததல்ல என்று தெளிவாகத் தெரிந்தால் ஒழிய, நிறுத்திவிட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது.

என் பார்வையில் அளவுப் பிழையைவிடக் கனமானது அந்தப் பதினாறாம் நாள். அளவு விஷயத்தில் ஏதாவது ஒரு சமாதானம் சொல்லப் பார்ப்பார்கள். ஆனால் லாமோட்ரிஜின் ஆரம்பித்து மூன்றாவது வாரம், காய்ச்சல், கண் சிவப்பு, உடலில் தடிப்பு என்று ஒரு குழந்தை வந்து நிற்கும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது மருந்தைத்தான். தடிப்போடு காய்ச்சலும் கண் சிவப்பும் சேர்ந்தால் அது சாதாரண அலர்ஜித் தடிப்பு அல்ல என்பது குழந்தை மருத்துவத்தின் அரிச்சுவடி. இந்த நோயில் குற்றவாளி மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்குச் சேதம் குறையும். முதல் சில நாட்களில் கண் மருத்துவர் பார்த்துச் சிகிச்சை தொடங்கினால்தான் இமை ஒட்டுவதைத் தடுக்க வாய்ப்பு. தொடரச் சொன்னதால் 50 மி.கி. வீதம் மேலும் மூன்று நாள் உள்ளே போயிருக்கிறது, கண் மருத்துவரிடம் போகும் நாளும் தள்ளிப்போயிருக்கிறது. இன்றைய கண் பாதிப்பை அந்த மூன்று நாளோடு இணைப்பதுதான் உங்கள் வக்கீல் செய்ய வேண்டிய முக்கிய வேலை.

கடைசியாக, எச்சரிக்கை சொன்னார்களா என்பது. 'தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு எது வந்தாலும் மாத்திரையை நிறுத்தி உடனே வாருங்கள்' என்று ஒரு வரி சீட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். 2008-இல் சமீரா கோலி வழக்கில், சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதற்குப் போதுமான தகவலை நோயாளிக்கு முன்பே சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வாய்வார்த்தையாகச் சொன்னேன் என்று டாக்டர் வாக்குமூலம் கொடுப்பார், நீங்கள் இல்லை என்பீர்கள். இதை மட்டும் நம்பி வழக்கு நடத்த முடியாது. துணைக் குற்றச்சாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்குக்குப் போகும் முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள். சீட்டில் எழுதியிருப்பது 25-ஆ, அல்லது 2.5 என்பதோ 5 என்பதோ மருந்துக் கடையில் 25 என்று மாறிவிட்டதா? லாமோட்ரிஜின் 5 மி.கி. மாத்திரையும் கிடைக்கிறது, 25-ம் கிடைக்கிறது. சீட்டையும், கடை பில்லையும், மிச்சமிருக்கும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில்லில் மாத்திரை அளவும் பேட்ச் எண்ணும் இருக்கும். கடையில் மாற்றியிருந்தால் கடையும் எதிர்தரப்பினர். மருத்துவமனையின் சொந்த மருந்தகம் என்றால் அதன் பொறுப்பும் மருத்துவமனையின் தலையில்தான். பெரும்பாலான பில்கள் வெப்பத் தாளில் அச்சாவதால் ஓராண்டில் எழுத்து மங்கிவிடும். இன்றே நகல் எடுங்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை உங்களுக்கு நேரம் குறைவு. உள்நோயாளிப் பதிவேடுகளை மருத்துவர்கள் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிமுறைகள். தனியார் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குழந்தையின் பெயர், ஓ.பி. எண், பார்த்த தேதிகள் போட்டு, 'எல்லாச் சிகிச்சைப் பதிவுகளின் சான்றிட்ட நகல்களும் வேண்டும்' என்று கேட்டு, ஒப்புகையோடு கூடிய விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அவர்கள் கொடுக்காமல் விட்டால் அதுவே உங்களுக்குச் சாதகமான ஆவணம். ஒரு சிக்கல்: இந்த மூன்றாண்டு விதி உள்நோயாளிகளுக்கானது. வெளிநோயாளியாகப் பார்த்த விவரத்தைப் பல மருத்துவமனைகள் சீட்டில் மட்டுமே எழுதி நம் கையில் கொடுத்துவிடும். அப்படியானால் உங்களிடம் இருக்கும் சீட்டுதான் ஒரே சாட்சி. மூலச் சீட்டை 'ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தருகிறோம்' என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அரசு மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், தோல் துறை, கண் துறை கருத்துகள், சேர்த்த அன்று எழுதிய நோய் வரலாறு எல்லாம் வேண்டும். எந்த மருந்து, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எப்போது நிறுத்தப்பட்டது என்று அந்த வரலாற்றில்தான் இருக்கும்; வழக்கு யோசனையே இல்லாத நேரத்தில் மூன்றாம் மனிதர் எழுதியது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். கொடுக்கத் தாமதித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலை இணைத்தால் 'மூன்றாம் நபர் தகவல்' என்று தட்டிக்கழிக்க முடியாது.

அதே மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் மருந்துப் பக்கவிளைவு கண்காணிப்பு மையம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் உண்டு. உங்கள் மகளின் பாதிப்பை அங்கே பதிவு செய்திருந்தால், லாமோட்ரிஜின்தான் காரணம் என்பதற்கான சாத்தியம் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு எழுதியிருப்பார்கள். ஸ்டீவன்ஸ் ஜான்சனுக்கென்றே ஆல்டன் என்ற மதிப்பீட்டு முறை இருக்கிறது. பதிவு செய்யவில்லை என்றால் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் எண் அது. இந்தப் பதிவு யாரையும் குற்றம் சாட்டுவதற்கானது அல்ல, இழப்பீடும் தராது. ஆனாலும் செய்யுங்கள். இதே போல வேறு குழந்தைகளுக்கு நடந்தது அங்கேதான் சேர்ந்து தெரியவரும்.

காரணத் தொடர்பு விஷயத்தில் எதிர்தரப்பு சொல்லப்போகும் பதில் எனக்கு இப்போதே தெரிகிறது: 'மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமித் தொற்றாலும் குழந்தைகளுக்கு இது வரும்.' உண்மைதான், வரும். எனவே அரசு மருத்துவமனையில் அந்தத் தொற்றுக்கான பரிசோதனை செய்தார்களா, முடிவு என்ன என்பதைக் கேஸ் ஷீட்டில் தேடுங்கள். பரிசோதனை இல்லாவிட்டாலும் வழக்கு விழுந்துவிடாது. நுகர்வோர் ஆணையத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

நிபுணர் கருத்து இல்லாமல் வழக்கே போட முடியாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். எல்லா மருத்துவ வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-இல் வி. கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் ஒரு மருந்தியல் பேராசிரியரிடமோ, குழந்தை நரம்பியல் மருத்துவரிடமோ இரண்டு பக்கக் கருத்து வாங்க முயலுங்கள். 'இந்த டாக்டர் தவறு செய்தாரா?' என்று கேட்டால் யாரும் எழுதித் தர மாட்டார்கள். '14 கிலோ எடையுள்ள, வால்ப்ரோயேட் எடுக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு லாமோட்ரிஜின் ஆரம்ப அளவு என்ன? தடிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?' என்று கேளுங்கள். பெயர் இல்லாத இந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் பலர் தயங்க மாட்டார்கள். நமக்கு அது போதும். கூடவே மருந்தின் தகவல் தாளைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யுங்கள்.

எங்கே போவது? உங்களுக்கு நான் சொல்லும் இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 1995-இல் சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று முடிவானது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். மருத்துவமனை வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவு செய்வதில்லை, மருத்துவமனைக்கு நீங்கள் கொடுத்த பணத்தை வைத்துத்தான். 50 லட்சம் வரை கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. ஓ.பி. கட்டணமாகச் சில ஆயிரம் மட்டுமே கட்டியிருந்தாலும் நீங்கள் 40 லட்சமோ 80 லட்சமோ இழப்பீடு கேட்கலாம். பழைய சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு 'இவ்வளவு கேட்டால் சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்' என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய கதை.

கால வரம்பு இரண்டு ஆண்டு. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பிறகு சண்டை வரும், ஆகவே மிக முந்தைய தேதியான, லாமோட்ரிஜின் முதன்முதலில் எழுதிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல்தான் மிச்சம். தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட வழியுண்டு, ஆனால் அது ஆணையத்தின் கருணை. 'குழந்தை மைனர்தானே, 18 வயதான பிறகுகூடப் போடலாம்' என்றும் சொல்வார்கள். சிவில் வழக்குகளில் மைனருக்குக் கால வரம்புச் சட்டம் அப்படியொரு சலுகை தருவது உண்மை. ஆனால் பெற்றோர் கேட்கும் இழப்பீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. தவிர, பதிவேடுகளை மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் மருத்துவமனைக்கு இல்லை. பதினான்கு ஆண்டு கழித்து எதை வைத்து வாதாடுவது?

மனுவில் குழந்தையை முதல் புகார்தாரராகப் போடுங்கள், இயற்கைப் பாதுகாவலரான தாய் மூலம். நீங்களும் கணவரும் இரண்டாம், மூன்றாம் புகார்தாரர்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், டைஃபாய்டு என்று சேர்க்கப்பட்ட குழந்தைக்கு நர்ஸ் லாரியாகோ (குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து) ஊசியை இரத்தக் குழாயில் போட்டதில் இதயம் நின்று மூளை மீளாதபடி சேதமானது. குழந்தையும் நுகர்வோர், அதற்காகப் பணம் கட்டிய பெற்றோரும் நுகர்வோர், இருவருக்கும் தனித்தனியே இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சம் என்ற உத்தரவு உறுதியானது. பெற்றோரைப் புகார்தாரராகச் சேர்க்க மறந்துவிட்டு அந்தத் தொகையை இழப்பவர்கள் உண்டு.

எதிர்தரப்பில் டாக்டரையும் மருத்துவமனையையும் சேர்த்தே போடுங்கள். அவர்களுக்குத் தொழில்முறைக் காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனமும் பிறகு வந்து சேரும். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் அவர்கள் பதிலுரை போட வேண்டும். அதிகபட்சம் மேலும் 15 நாள்தான். அதைத் தாண்டினால் ஏற்கக்கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவு செய்துவிட்டது. உங்கள் வக்கீல் அந்த 45-ஆம் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்க வேண்டும். சமரச மையத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். கடுமையான உடல் பாதிப்போ மரணமோ ஏற்பட்ட மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் ஆண்டுகள் ஆகலாம். மனதளவில் அதற்குத் தயாராகுங்கள்.

வக்கீல் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

போலீஸ் புகார் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தும் இல்லாமல் போலீஸ் நகராது. புகார் அப்படியே முடித்துவைக்கப்பட்டால், அந்தக் காகிதத்தைத்தான் எதிர்தரப்பு நுகர்வோர் ஆணையத்தில் முதல் ஆவணமாக நீட்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுப்பது வேறு விஷயம். பதிவைத் தற்காலிகமாக நீக்கவோ எச்சரிக்கவோ அவர்களால் முடியும், இழப்பீடு தர முடியாது. நுகர்வோர் மனுவைப் போட்ட பிறகு அதையும் செய்யலாம், அதன் முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள்.

வேறு மருந்துகளால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோரும் இதைப் படிக்கலாம் என்பதால் சில வார்த்தைகள். மருந்துக்கு மருந்து எங்கே பிழை நடக்கிறது என்பது மாறும். பாராசிட்டமாலில் பிழை பெரும்பாலும் ட்ராப்ஸுக்கும் சிரப்புக்கும் இடையில்: ட்ராப்ஸில் ஒரு மில்லியில் 100 மி.கி., சிரப்பில் 5 மில்லியில் 125 அல்லது 250 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 150 மி.கி. என்றால் ட்ராப்ஸில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி. 'ஆறு மில்லி' என்று மட்டும் எழுதி எந்த மருந்து என்று எழுதாத சீட்டு, ட்ராப்ஸில் 600 மி.கி. ஆகிவிடும். ஊசி போட்டவுடன் குழந்தை சரிந்துவிட்ட வழக்கில், ஊசி போட்டது தவறா என்று தேடுவது பெரும்பாலும் வீண்; அந்த அறையில் அட்ரினலின் என்ற உயிர்காக்கும் ஊசி மருந்து இருந்ததா, எத்தனை நிமிடத்தில் தொடைத் தசையில் போட்டார்கள் என்பதே கேள்வி. அமிக்காசின், ஜென்டாமைசின் ஊசிகளுக்குப் பிறகு காது கேளாமல் போனால், எத்தனை நாள் கொடுத்தார்கள், சிறுநீரகப் பரிசோதனை செய்தார்களா என்று பாருங்கள். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது, நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது என்பவை அரசாங்க உத்தரவுகள். அவற்றை மீறிய சீட்டு தனக்குத் தானே சாட்சி சொல்லும். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் கலந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்களே, அது பக்கவிளைவே அல்ல, நச்சு மருந்து. அங்கே முதல் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அப்படிச் சந்தேகம் இருந்தால் மிச்ச மருந்தைப் புட்டியோடு மூடி வையுங்கள். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, வாங்கிய மருந்தைக் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க எவருக்கும் உரிமை உண்டு. அரசு மருத்துவமனையில் முற்றிலும் இலவசமாகப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதற்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோ சிவில் வழக்கோதான் வழி.

உங்கள் மகளுக்கு வருகிறேன். லாமோட்ரிஜின் இனி எப்போதும் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதி, அவள் பள்ளிப் பையிலும் உங்கள் பர்ஸிலும் வையுங்கள். கார்பமசிபைன், ஃபெனிட்டாயின், ஃபினோபார்பிட்டால் மூன்றிலும் எச்சரிக்கை தேவை என்று எந்தப் புது டாக்டரிடமும் முதலில் சொல்லுங்கள். வால்ப்ரோயேட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்கான ஒவ்வொரு சொட்டு மருந்து பில்லையும், பஸ் டிக்கெட்டையும், உங்கள் கணவர் வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கம்பெனிக் கடிதத்தையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் கோர்த்து வாருங்கள். கண் மருத்துவரிடம், இனி என்னென்ன சிகிச்சை தேவைப்படும், ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று எழுதி வாங்குங்கள். விசேஷ லென்ஸ், இமை அறுவைச் சிகிச்சை என்று அது பல ஆண்டு போகக்கூடிய செலவு. பார்வைக் குறைவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் விண்ணப்பியுங்கள். சதவீதம் போட்ட அந்தச் சான்று இல்லாமல் எதிர்கால வருமான இழப்பைக் கணக்கிட ஆணையத்துக்குப் பிடிமானம் இருக்காது.

அந்த 2 லட்சம்? கையெழுத்துப் போடாதீர்கள். 'முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்றுதான் அந்தத் தாளில் இருக்கும். கண்ணுக்கு இன்னும் எத்தனை அறுவைச் சிகிச்சை என்றே தெரியாத நிலையில் எந்தத் தொகையும் முழுத் தொகை ஆகாது. மைனர் சார்பில் சமரசம் செய்ய வழக்கில் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் விதி. அந்தக் கவசத்தைக் குழந்தையிடமிருந்து நாமே கழற்றக் கூடாது. அவர்கள் உண்மையாகவே பேச விரும்பினால் மனுவைப் போட்ட பிறகு, ஆணையத்தின் முன்னால், குழந்தையின் பெயரில் வங்கி வைப்புத்தொகையாகப் போடும் நிபந்தனையோடு பேசட்டும். மறுபடி அழைத்தால் 'எழுத்தில் அனுப்புங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். பதிவேடு கேட்கும் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.